ஒரே ஒரு முறை தலைகாட்டும் கோள்கள்

ஓகிள்-2005-பிஎல்ஜி-390எல்பி. சொல்லி முடிப்பதற்குள் மூச்சு வாங்க வைக்கும் இந்தப் பெயர் ஒரு கோளுடையது. பெயரைப் பிரித்தாலே பாதிக் கதை வந்துவிடும். ஓகிள் என்பது போலந்தின் வார்சா பல்கலைக்கழக வானியலாளர்கள் நடத்தும் கண்காணிப்புத் திட்டம். 2005 என்பது ஆண்டு. பிஎல்ஜி என்பது பால்வழி மண்டலத்தின் நடுவில் விண்மீன்கள் நெருக்கியடித்துக்கொண்டு புடைத்து நிற்கும் பகுதிக்கான சுருக்கம். அந்தப் பகுதியில் அந்த ஆண்டு பதிவான 390ஆவது நிகழ்வு இது. எல் என்றால் லென்ஸ். கடைசியில் ஒட்டிக்கொண்டிருக்கும் பி தான் கோள்.

புறக்கோள்கள், அதாவது சூரியனல்லாத வேறு விண்மீன்களைச் சுற்றும் கோள்கள், பெரும்பாலானவற்றின் பெயரில் அவை சுற்றும் விண்மீனின் பெயரோ பட்டியல் எண்ணோ இருக்கும். இதன் பெயரில் இருப்பது ஒரு சம்பவத்தின் வரிசை எண், காவல் நிலையத்தில் போடும் குற்ற எண் மாதிரி. அதற்கு நியாயமான காரணம் உண்டு. இந்தக் கோளை யாரும் பார்க்கவில்லை. இது சுற்றிவரும் விண்மீனையும் அப்போது யாரும் பார்க்கவில்லை. நமக்குத் தெரிந்ததெல்லாம், ஏறக்குறைய 21,500 ஒளியாண்டு தொலைவில் அப்படி ஒன்று இருந்ததால் வேறொரு விண்மீனின் வெளிச்சத்தில் ஒரு நாள் அளவுக்கு நடந்த சிறு மாற்றம் மட்டுமே. அது நடந்து முடிந்தது, மறுபடி நடக்கப் போவதில்லை.

புறக்கோள் தேடும் மற்ற இரண்டு பிரபல வழிகளுக்கும் இந்தச் சங்கடம் கிடையாது. கோள் தன் விண்மீனின் முன்னால் கடக்கும்போது வெளிச்சம் கொஞ்சம் மங்குவதைப் பார்ப்பது ஒரு வழி. கோள் இழுப்பதால் விண்மீன் முன்னும் பின்னும் தள்ளாடுவதை அளப்பது இன்னொரு வழி. இரண்டிலும் கோள் ஒவ்வொரு சுற்றிலும் அதே வேலையைத் திரும்பச் செய்யும். சந்தேகம் வந்தால் அடுத்த சுற்று வரை காத்திருந்து மறுபடி பார்த்துக்கொள்ளலாம். இந்தக் கோளைக் காட்டிக்கொடுத்தது ஈர்ப்பு நுண்வில்லை முறை, அதாவது முன்னால் இருக்கும் விண்மீனின் ஈர்ப்பு பின்னால் இருப்பதன் ஒளியை லென்ஸ் போல வளைப்பதைக் கவனிக்கும் முறை. இதில் தவறவிட்டால் அடுத்த பஸ் கிடையாது. அறிவியல் என்றால் திரும்பச் செய்துகாட்ட வேண்டும் என்று பள்ளியில் படித்தோமே, அப்படியானால் திரும்ப வராத ஒன்றை எப்படி நம்புவது? இந்த முறையின் சுவாரசியம் முழுக்க அந்தக் கேள்வியில்தான் இருக்கிறது என்பது என் எண்ணம்.

முறையின் அடிப்படை ஐன்ஸ்டைனுடையது. நிறை உள்ள எதுவும் தன் அருகே போகும் ஒளியை வளைக்கும். சூரியனின் விளிம்பை ஒட்டி வரும் ஒளி 1.75 விகலை (ஒரு விகலை என்பது ஒரு டிகிரியில் 3,600இல் ஒரு பங்கு) வளைய வேண்டும் என்று அவருடைய பொதுச் சார்பியல் சொன்னது. 1919 சூரிய கிரகணத்தின்போது ஆங்கிலேய வானியலாளர் எடிங்டனின் குழுவினர் அதை அளந்து காட்டினார்கள். (மூன்று ஆண்டு கழித்து, 1922 கிரகணத்தில் அதே அளவீட்டை எடுக்கக் கொடைக்கானல் ஆய்வகத்திலிருந்து ஜான் எவர்ஷெட் ஆஸ்திரேலியாவின் வல்லால் கடற்கரைக்குப் போனார். கருவிகள் காலை வாரியதால் அவருக்குப் பலன் கிடைக்கவில்லை. பக்கத்திலேயே கூடாரமடித்திருந்த அமெரிக்கக் குழுவுக்குக் கிடைத்தது.)

ஒளி வளையுமென்றால், ஒரு விண்மீன் இன்னொன்றுக்கு நேர் முன்னால் வந்து லென்ஸ் வேலை பார்க்காதா? இந்தக் கேள்வியோடு 1936இல் ஐன்ஸ்டைனின் வீட்டுக் கதவைத் தட்டியவர் ரூடி மாண்டல் என்ற செக் நாட்டுப் பொறியாளர். தொழில்முறை வானியலாளர் அல்ல, ஆனால் விடாக்கொண்டர். அவருடைய நச்சரிப்பு தாங்காமல் ஐன்ஸ்டைன் கணக்குப் போட்டு, அந்த ஆண்டே சயன்ஸ் இதழில் ஒரு சிறு குறிப்பு வெளியிட்டார். இதை நேரில் பார்க்கும் வாய்ப்பு பெரிதாக இல்லை என்று அதிலேயே எழுதினார். இதழாசிரியருக்கு எழுதிய கடிதத்தில், இதற்குப் பெரிய மதிப்பு இல்லை, ஆனால் அந்த மனிதருக்குச் சந்தோஷமாக இருக்கும் என்ற பொருளில் சொல்லியிருந்தார். இதில் ஒரு வேடிக்கை. இதே கணக்கை அவர் 1912ஆம் ஆண்டுக் குறிப்பேட்டிலேயே போட்டுப் பார்த்திருந்ததை வரலாற்றாய்வாளர்கள் பிற்பாடு கண்டுபிடித்தார்கள்.

வாய்ப்பு இல்லை என்று அவர் சொன்னதில் தப்பேதும் இல்லை. கணக்கைப் பாருங்கள். பால்வழியின் நடுப்பகுதியில், சுமார் 26,000 ஒளியாண்டு தூரத்தில் ஒரு விண்மீன். பாதி வழியில் நம் சூரியன் அளவு நிறையுள்ள இன்னொன்று. இரண்டும் நம் பார்வையில் கச்சிதமாக ஒரே நேர்கோட்டில் வந்தால், பின்னால் இருப்பதன் ஒளி எல்லாப் பக்கமும் வளைந்து ஒரு வளையமாகத் தெரிய வேண்டும். கண்ணாடி டம்ளரின் அடிப்பாகத்தைக் கண்ணருகே பிடித்துத் தெருவிளக்கைப் பார்த்தால் விளக்கு வட்டமாகப் பரவித் தெரியும், கிட்டத்தட்ட அது போல. இந்த ஐன்ஸ்டைன் வளையத்தின் ஆரம் ஒரு விகலையின் ஆயிரத்தில் ஒரு பங்குதான். 4,500 கிலோமீட்டருக்கு அப்பால் வைத்த ஒரு ரூபாய் நாணயம் நமக்கு எவ்வளவு பெரிதாகத் தெரியுமோ, அவ்வளவு. நேர்கோடு கொஞ்சம் விலகினால் வளையம் உடைந்து இரண்டு பிம்பங்களாகும். அவற்றைத் தனித்தனியாகப் பிரித்துப் பார்க்கச் சாதாரணத் தொலைநோக்கிகளால் முடியாது. ஆனால் வளைந்து வரும் கூடுதல் ஒளி எங்கும் போய்விடாது. இரண்டு பிம்பங்களும் சேர்ந்த ஒரே புள்ளி, வழக்கத்தைவிடப் பிரகாசமாகத் தெரியும். முன்னால் இருப்பது நகர நகர, பின்னால் இருப்பதன் வெளிச்சம் சில வாரங்களில் மெல்ல ஏறி, உச்சம் தொட்டு, ஏறிய அதே அழகில் இறங்கும். அதோடு கதை முடிந்தது.

வெளிச்சத்தை வரைபடமாகப் போட்டால் வரும் அந்த ஏறி இறங்கும் கோட்டுக்கு ஒரு முத்திரை உண்டு. அது சமச்சீரானது. சிவப்பு ஒளியில் பார்த்தாலும் நீல ஒளியில் பார்த்தாலும் ஒரே மாதிரி இருக்கும், ஏனென்றால் ஈர்ப்பு நிறம் பார்த்து வளைப்பதில்லை. தானே துடித்து மினுக்கும் மாறொளி விண்மீன்கள் பெரும்பாலும் நிறத்திலும் மாறும், கோணல்மாணலாகவும் மாறும். ஒரே முறை நடந்தாலும் நம்பலாம் என்பதற்கு முதல் ஆதாரம் இந்த முத்திரைதான்.

ஐன்ஸ்டைன் வாழ்ந்த அதே பிரின்ஸ்டன் நகரில் ஐம்பது ஆண்டு கழித்து, 1986இல், போதான் பச்சின்ஸ்கி என்ற போலந்து வானியலாளர் இந்தக் கணக்கை வேறு கோணத்தில் பார்த்தார். குறிப்பிட்ட ஒரு விண்மீனில் இது நடக்குமா என்று கேட்டால் லட்சக்கணக்கான ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். அதையே சில கோடி விண்மீன்களில் எங்காவது இன்று நடக்கிறதா என்று கேட்டால்? எந்த நேரத்திலும் ஏறக்குறைய பத்து லட்சத்தில் ஒன்றுக்கு இது நடந்துகொண்டிருக்க வேண்டும். கோடிக்கணக்கான விண்மீன்களை இரவுக்கு இரவு படம் பிடித்து, ஒவ்வொன்றின் வெளிச்சத்தையும் கணினியே ஒப்பிட்டுச் சொல்லும் வசதி அப்போதுதான் எட்டும் தூரத்துக்கு வந்துகொண்டிருந்தது.

அவர் தேடச் சொன்னது கோள்களை அல்ல, ஒளி விடாமல் ஈர்ப்பால் மட்டும் தன்னைக் காட்டிக்கொள்ளும் கரும்பொருளை. பால்வழியைச் சுற்றிலும் ஒளியில்லாத கனமான உருண்டைகள் மறைந்திருந்தால், பின்னணி விண்மீன்களின் முன்னால் அவை கடக்கும்போது மாட்டிக்கொள்ளும் என்பது யோசனை. 1993இல் மாச்சோ, ஈரோஸ், ஓகிள் என்ற மூன்று குழுக்கள் முதல் நிகழ்வுகளை அறிவித்தன. மாச்சோ குழு பயன்படுத்தியது ஆஸ்திரேலியாவின் மவுண்ட் ஸ்ட்ரோம்லோவில் இருந்த பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தொலைநோக்கி ஒன்றை. 2003 காட்டுத்தீயில் அது எரிந்துபோனது. தேடிய கரும்பொருள் உருண்டைகள் போதுமான அளவில் அகப்படவே இல்லை. கிணறு வெட்டப் பூதம் கிளம்புவது உண்டு, இங்கே கிளம்பியது கோள்கள். 1991இலேயே ஷூடே மாவும் பச்சின்ஸ்கியும், முன்னால் போகும் விண்மீனுக்குத் துணை இருந்தால், அது கோளாகவே இருந்தாலும், வெளிச்சக் கோட்டில் தடயம் விட்டுப் போகும் என்று காட்டியிருந்தார்கள்.

எங்கே பார்ப்பது என்பதில் குழப்பம் இல்லை. விண்மீன் கூட்டம் அதிகமுள்ள பால்வழியின் நடுப்பகுதிதான். நம் ஊரில் ஆனி, ஆடி இரவுகளில் மேகம் விலகினால் தெற்கு வானில் தேளின் வளைந்த வாலைப் பார்க்கலாம், நாம் மூலம் என்று சொல்லும் நட்சத்திரம் அங்கேதான் இருக்கிறது. அதற்கும் தனுசுக்கும் இடைப்பட்ட பகுதியில்தான் பால்வழியின் மையம். (மூலம் என்று பேர் வைத்தவர்களுக்கு இது அப்போதே தெரியும் என்று வாட்ஸ்அப்பில் கிளம்பினால் நான் பொறுப்பல்ல.) தென் அரைக்கோளத்தில் இந்தப் பகுதி தலைக்கு மேலேயே வரும் என்பதால் தொலைநோக்கிகள் பெரும்பாலும் அங்கேதான் இருக்கின்றன. ஓகிள் சிலியின் லாஸ் காம்பானாஸில் 1.3 மீட்டர் தொலைநோக்கியோடு. ஜப்பானும் நியூசிலாந்தும் சேர்ந்து நடத்தும் மோவா நியூசிலாந்தின் மவுண்ட் ஜானில் 1.8 மீட்டரோடு.

இப்போது கோள் என்ன செய்கிறது என்பதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். இதில்தான் எனக்கு இந்த முறை மீது தனி மரியாதை.

மற்ற முறைகளில் கோள் சிறிதானால் அடையாளமும் மங்கும். சூரியனை வெளியிலிருந்து பார்ப்பவருக்கு வியாழன் குறுக்கே போனால் நூற்றில் ஒரு பங்கு வெளிச்சம் குறையும், பூமி போனால் பத்தாயிரத்தில் ஒரு பங்குகூட முழுசாகக் குறையாது. நுண்வில்லையில் நடப்பது வேறு. பின்னணி விண்மீனின் இரண்டு பிம்பங்களும் லென்ஸ் விண்மீனைச் சுற்றி, பூமி–சூரியன் தூரத்தைப் போல இரண்டிலிருந்து நான்கு மடங்கு தள்ளி நகர்ந்துகொண்டிருக்கும். அந்தப் பாதையில் ஒரு கோள் உட்கார்ந்திருந்தால், ஏற்கெனவே வளைந்து நீண்டிருக்கும் பிம்பத்தை அது இன்னொரு முறை வளைக்கும். பிம்பம் சடாரென்று பெரிதாகும் அல்லது அணைந்துபோகும். கோளின் நிறை குறைந்தால் அதன் கைக்கு எட்டும் பரப்பு குறையும், அதனால் விளைவு நீடிக்கும் நேரமும் குறையும். வியாழன் அளவு என்றால் ஒரு நாள் போல, பூமி அளவு என்றால் ஓரிரு மணி நேரம். அப்படி ஒன்று நேரும் வாய்ப்பும் அதே போலக் குறையும். ஆனால் நேர்ந்துவிட்டால் அதன் வலு குறைவதில்லை. கடுகு சிறுத்தாலும் காரம் குறையாது என்பது இதற்கென்றே சொன்னது போல இருக்கிறது. பின்னணி விண்மீன் ரொம்பப் பெரியதாக இருந்தால் மட்டும் அந்தக் காரம் பரவி நீர்த்துவிடும்.

ஆகவே இங்கே தேவைப்படுவது பெரிய தொலைநோக்கியைவிட, கண் மூடாத தொலைநோக்கி. அதுதான் 2005இல் நடந்தது. ஜூலை 11 அன்று ஓகிள் குழு ஒரு விண்மீனின் வெளிச்சம் ஏறுவதைக் கண்டு உலகுக்குச் சொன்னது. ஜூலை 31 அன்று அது வழக்கத்தைப் போல மூன்று மடங்கு பிரகாசமாகி உச்சம் தொட்டு இறங்கத் தொடங்கியது. சாதாரண நிகழ்வு, ஆண்டுக்கு நூற்றுக்கணக்கில் வருவது. பிளானட் என்ற பன்னாட்டுக் குழு இப்படிப்பட்டவற்றைச் சிலி, தென்னாப்பிரிக்கா, ஆஸ்திரேலியா என்று தொடர் ஓட்டம் போலக் கைமாற்றிக் கைமாற்றிக் கண்காணித்துவந்தது. ஒரு நாட்டில் விடியும்போது அடுத்த நாட்டில் இருட்டும், அவர்கள் எடுத்துக்கொள்வார்கள். ஆகஸ்ட் 10 அன்று, சிலியின் லா சில்லாவில் இருந்த டேனிஷ் 1.54 மீட்டர் தொலைநோக்கியில், இறங்க வேண்டிய வெளிச்சம் இறங்காமல் ஒரு மேடு போட்டது. அங்கே பொழுது விடிந்ததும் மேற்கு ஆஸ்திரேலியாவின் பெர்த் தொலைநோக்கி அந்த மேட்டின் இறக்கத்தைப் பிடித்தது. ஓகிள், மோவா அளவீடுகளும் அதே மேட்டைக் காட்டின. ஏறக்குறைய ஒரு நாளில் எல்லாம் பழையபடி ஆகிவிட்டது.

ஒரே முறை நடந்ததை எப்படி நம்புவது என்ற கேள்விக்கு இரண்டாவது ஆதாரம் இங்கே இருக்கிறது. வெவ்வேறு நாடு, வெவ்வேறு கருவி, வெவ்வேறு கேமரா. ஒருவர் கருவியில் கோளாறு இருக்கலாம், நான்கு பேர் கருவியிலும் ஒரே கோளாறு ஒரே நேரத்தில் வராது. திரும்பச் செய்ய முடியாத இடத்தில், சாட்சிகளின் எண்ணிக்கையைக் கூட்டிக்கொள்கிறார்கள். சாட்சிகள் பெரிய நிறுவனங்களாக இருக்க வேண்டும் என்றும் இல்லை. அதே 2005இல் ஓகிள்-071 என்ற நிகழ்வில் வியாழனைவிடக் கனமான கோள் ஒன்று அகப்பட்டபோது, நியூசிலாந்தின் ஆக்லாந்தில் பொழுதுபோக்காக வானம் பார்க்கும் இருவர் எடுத்த அளவீடுகளும் கண்டுபிடிப்பில் சேர்ந்தன.

சரி, மேடு உண்மை. அதிலிருந்து கோளைப் பற்றி எவ்வளவு தெரியும்? நேர்மையாகச் சொன்னால், முதலில் தெரிவது இரண்டே விஷயங்கள்: கோளின் நிறை அதன் விண்மீனின் நிறையில் எத்தனையில் ஒரு பங்கு, இரண்டுக்கும் உள்ள இடைவெளி அந்த ஐன்ஸ்டைன் வளையத்தின் ஆரத்தைப் போல எத்தனை மடங்கு. விகிதங்கள் மட்டும்தான், கிலோவும் இல்லை கிலோமீட்டரும் இல்லை. விண்மீனின் நிறை தெரிந்தால்தான் கோளின் நிறை தெரியும். விண்மீனோ கண்ணில் படவில்லை. அதனால் பால்வழியில் எந்தத் தொலைவில் எந்த அளவு விண்மீன்கள் எத்தனை இருக்கும் என்ற பொது அறிவை வைத்து, இது எதுவாக இருக்கச் சாத்தியம் அதிகம் என்று கணித்தார்கள். சூரியனில் ஐந்தில் ஒரு பங்கு நிறையுள்ள செங்குறுமீன், அதாவது சிறிய மங்கலான சிவப்பு விண்மீன், என்று வந்தது. கோள் பூமியைப் போல 5.5 மடங்கு. 2006 ஜனவரியில் நேச்சர் இதழில் செய்தி வந்தபோது ஊடகங்கள் இந்த எண்ணைப் பிடித்துக்கொண்டன. கட்டுரையில் அந்த எண்ணுக்குப் பக்கத்திலேயே பிழை வரம்பும் இருந்தது: ஏறக்குறைய 3 முதல் 11 வரை எதுவாகவும் இருக்கலாம். பூமியின் தம்பியா, நெப்டியூனின் தம்பியா என்பதே தீராத அளவு இடைவெளி அது. அதன் வெப்பநிலை பூச்சியத்துக்குக் கீழே சுமார் 220 டிகிரி என்றதும் இந்தக் கணிப்புகளின் மேல் கட்டிய கணிப்புதான். இப்படிப்பட்ட செய்திகளைப் படிக்கும்போது எண்ணைவிட அதன் பிழை வரம்பைத் தேடிப் படிப்பது நல்ல பழக்கம்.

ஆனால் அன்றைக்கு முக்கியமாக இருந்தது வேறொன்று. இந்த முறையில் அகப்பட்ட மூன்றாவது கோள்தான் இது. பெரிய கோள்கள் சிக்குவது பல மடங்கு எளிது. அப்படியிருந்தும் இவ்வளவு சீக்கிரம் ஒரு சிறியது சிக்கியதென்றால், சிறியவை ஏராளமாக இருக்க வேண்டும். மீன்பிடிக்கத் தெரிந்தவர்களுக்கு விளங்கும்: பெரிய கண்ணுள்ள வலையில் மூன்றாவது வீச்சிலேயே நெத்திலி மாட்டினால், கடலில் நெத்திலி எவ்வளவு இருக்கும்!

அந்த ஊகம் நின்றது. 2012இல் அர்னோ கசான் தலைமையிலான குழு ஆறு ஆண்டுத் தரவுகளைக் கூட்டிப் பார்த்து, பால்வழியில் சராசரியாக விண்மீனுக்கு ஒரு கோளுக்கு மேல் இருப்பதாகச் சொன்னது. விண்மீனின் வெப்பத்திலிருந்து விலகி, நீர் பனிக்கட்டியாகவே கிடக்கும் குளிர்ந்த பகுதியில் நெப்டியூன் ரகக் கோள்கள் வியாழன் ரகத்தைவிட அதிகம் என்பதும் தெளிவானது. நுண்வில்லையில் இதுவரை அகப்பட்டவை 200க்கு மேல், அவ்வளவுதான். மொத்தப் புறக்கோள்கள் 6,000ஐத் தாண்டிவிட்ட நிலையில் இது சொற்பம். ஆனால் அந்த ஆறாயிரத்தில் பெரும்பாலானவை தம் விண்மீனை ஒட்டிச் சுற்றுபவை. நம் சனி, நெப்டியூன் போன்றவை மற்ற இடங்களில் உண்டா என்று கேட்டால் பதில் சொல்ல இந்தச் சொற்பத்தை விட்டால் ஆள் குறைவு.

விண்மீனே பார்க்க முடியாது என்றேன். உடனே முடியாது என்பதே சரி. லென்ஸும் பின்னணியும் தனித்தனி வேகத்தில் போகின்றன. நிகழ்வின்போது ஒரே புள்ளியாக ஒட்டித் தெரிந்தவை, பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் கூர்மையான தொலைநோக்கிக்கு இரண்டாகத் தெரியும் அளவு விலகிவிடும். ஓகிள்-2005-பிஎல்ஜி-169 என்ற நிகழ்வில் கண்ட கோளுக்கு இப்படித்தான் நடந்தது. ஹப்பிள் விண்வெளித் தொலைநோக்கியும் ஹவாயின் கெக் தொலைநோக்கியும் லென்ஸ் விண்மீனைப் பிரித்துப் பார்த்தன, 2015இல் முடிவுகள் வந்தன. விலகிய தூரம் பழைய வெளிச்சக் கோடு சொன்ன கணக்கோடு பொருந்தியது. கோளின் நிறையும் யுரேனஸ் அளவு என்று உறுதியானது. ஆக, சம்பவம் திரும்ப வராவிட்டாலும் அதன் முன்கணிப்பைச் சோதிக்கலாம். மூன்றாவது ஆதாரம் இது, பொறுமையைக் கூலியாகக் கேட்பது.

சில சமயம் தேடிப்போனது இல்லாமல் இருப்பதே ஆதாரமாகும். 2020இல் கொரியத் தொலைநோக்கி வலை ஒன்று பதிவுசெய்த நிகழ்வில் பூமியைப் போல இரு மடங்குக்குச் சற்றுக் குறைந்த கோள் தெரிந்தது. சில ஆண்டு கழித்து கெக் தொலைநோக்கியைத் திருப்பினால், சாதாரண விண்மீனாக இருந்தால் பளிச்சென்று தெரிய வேண்டிய இடத்தில் ஒன்றும் இல்லை. நிறை இருக்கிறது, வெளிச்சம் இல்லை. அப்படியானால் அது எரிந்து முடிந்த வெண்குறுமீனாகத்தான் இருக்க வேண்டும் என்று 2024இல் முடிவுகட்டினார்கள். சூரியன் ஒருநாள் அணைந்த பிறகு பூமி போன்ற ஒன்று தப்பிப் பிழைக்கலாம் என்பதற்கு அது ஓர் எடுத்துக்காட்டு.

இப்படிச் சோதிக்க வழியில்லாத இடத்தில் சறுக்கலும் நடந்திருக்கிறது. எந்த விண்மீனையும் சுற்றாமல் அநாதையாகத் திரியும் கோள்களும் லென்ஸ் வேலை பார்க்கும். மேடு மட்டும் தெரியும், அதைச் சுமக்கும் பெரிய ஏற்ற இறக்கம் இருக்காது. 2011இல் மோவா தரவுகளை வைத்து, வியாழன் அளவு அநாதைக் கோள்கள் விண்மீன்களைப் போல ஏறக்குறைய இரு மடங்கு இருக்கின்றன என்று ஒரு பரபரப்பான முடிவு வந்தது. 2017இல் ப்ஷெமெக் ம்ரூஸ் தலைமையில் ஓகிள் குழு அதைவிடப் பல மடங்கு நிகழ்வுகளை ஆராய்ந்தபோது அந்தக் கூட்டம் காணாமல் போனது. அதிகபட்சம் நான்கு விண்மீனுக்கு ஒன்று என்றார்கள். தனித்தனி நிகழ்வு திரும்ப வராவிட்டாலும், கூட்டுக் கணக்கைத் திரும்பப் போட்டுப் பார்க்க முடியும், பார்த்தார்கள். அதே குழு 2020இல் அறிவித்த இன்னொரு நிகழ்வின் கால அளவு வெறும் 41.5 நிமிடம். அதை உண்டாக்கியது செவ்வாய்க்கும் பூமிக்கும் இடைப்பட்ட நிறையாக இருக்கலாம். ஒரு டீ குடித்துவிட்டு வருவதற்குள் முடிந்துவிடும் காட்சி.

அதனால்தான் அடுத்த கட்டம் விண்வெளிக்குப் போகிறது. நாசாவின் ரோமன் விண்வெளித் தொலைநோக்கிக்கு ஹப்பிளைப் போலவே 2.4 மீட்டர் ஆடி, ஆனால் ஒரே படத்தில் அடங்கும் வானம் நூறு மடங்கு. 2027 மே மாதத்துக்குள் ஏவுவது என்பது நாசா ஒப்புக்கொண்ட கெடு. பால்வழியின் நடுப்பகுதியைக் கால் மணிக்கும் குறைவான இடைவெளியில், மாதக்கணக்கில் விடாமல் படம் எடுப்பது அதன் திட்டங்களில் ஒன்று. பகலும் மேகமும் குறுக்கிடாது. சுமார் 1,400 கோள்கள் அகப்படும் என்று 2019இல் ஒரு மதிப்பீடு வந்தது.

நிகழ்வு முடிந்து பத்து ஆண்டு காத்திருந்து விண்மீனைத் தேடுகிறார்கள் என்றேன் அல்லவா. இந்த முறை அதையும் முன்கூட்டியே செய்யத் தொடங்கிவிட்டார்கள். ஐரோப்பாவின் யூக்ளிட் விண்வெளித் தொலைநோக்கி 2025இல் ரோமன் பார்க்கப்போகும் அதே பகுதியை ஒரு நாள் செலவிட்டுப் படமெடுத்து வைத்திருக்கிறது. வரப்போகும் ஆண்டுகளில் ஒன்றின் முன் ஒன்றாக வந்து நிற்கப்போகும் விண்மீன்கள் அந்தப் படத்தில் இன்னும் தனித்தனியாகத்தான் இருக்கின்றன. எவை எவை என்பது மட்டும் இப்போதைக்கு யாருக்கும் தெரியாது.